நீலப் பலகையில் ஒரு காலி இடம்

வடக்குப்பட்டிக்கும் தெற்குப்பட்டிக்கும் நடுவில் ஒரு ரோடு. அந்த ரோட்டோரத்தில் ஒரு கல் இருந்தது.

கல் என்றால் பெரிய சிற்ப வேலை எல்லாம் இல்லை. ஒரு மாட்டின் முதுகு உயரம் இருக்கும், அவ்வளவுதான். மாடுகள் வந்து கழுத்தை உரசிக்கொள்வதற்கென்று எந்தக் காலத்திலோ நட்டது. மாட்டுக்கு அரித்தால் அது என்ன செய்யும், கையா இருக்கிறது சொறிந்துகொள்ள. வடக்குப்பட்டி மாடும் அதில் உரசும், தெற்குப்பட்டி மாடும் உரசும். உரசி உரசியே அந்தக் கல் எண்ணெய் தேய்த்துக் குளித்தது போல வழுவழுவென்று ஆகியிருந்தது.

பக்கத்தில் ஒரு மைல்கல் நின்றது. மஞ்சளும் வெள்ளையும் பூசியது. அது யாரையும் நம்பாது.

"என் மேல எழுதியிருக்கிற நம்பரையே நான் நம்புறதில்லை" என்று சொல்லும். "போன தடவை பெயிண்ட் அடிச்சப்போ டவுனுக்கு ஒன்பது கிலோமீட்டர். இந்தத் தடவை பதினொண்ணு. நானும் நகரலை, டவுனும் நகரலை."

ஒருநாள் ஒரு ஜீப் வந்து நின்றது. கண்ணாடி போட்ட ஓர் ஆபீசர் இறங்கினார். பழைய கற்களைப் பற்றி ஆராய்ச்சி பண்ணுகிறவராம். கல்லைத் தடவிப் பார்த்தார். டேப்பை நீட்டி அளந்தார். மறுபடியும் தடவினார்.

"என்ன வழவழப்பு பாரு. இது சாதாரண ஆள் செஞ்ச வேலை இல்லை. அரண்மனைச் சிற்பி வேலை."

"மாடு உரசியிருக்கும் சார்" என்றார் டிரைவர்.

"மாடு உரசினா இப்படியா வரும்? நீ போய் வண்டியைத் திருப்பு."

டிரைவர் வண்டியைத் திருப்பினார்.

ஒரு மாதம் கழித்து நாலு பேர் வந்தார்கள். கல்லைச் சுற்றி நாலு பக்கமும் குழி தோண்டினார்கள். இரும்புக் கம்பம் நட்டு முள்கம்பி இழுத்துக் கட்டினார்கள். வேலிக்கு முன்னால் ஒரு நீலப் பலகையை நிறுத்தினார்கள். அதில் வெள்ளை எழுத்தில் இப்படி எழுதியிருந்தது: 'இது .......... மன்னனின் வெற்றித் தூண். தொடக் கூடாது.'

மன்னனின் பெயர் வர வேண்டிய இடம் காலியாக இருந்தது. பெயர் இன்னும் கண்டுபிடிக்கவில்லை, கண்டுபிடித்ததும் எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு அவர்கள் போய்விட்டார்கள்.

பலகை தொண்டையைச் சரிபண்ணிக்கொண்டது. "வணக்கம். இனிமே உன்னைப் பத்தி நான்தான் பேசுவேன்."

கல் அதை மேலும் கீழும் பார்த்தது. "என்னைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"நீ வெற்றித் தூண்."

"யாரு ஜெயிச்சதுக்கு?"

"அது ஆராய்ச்சியில இருக்கு."

"யாரைத் தோக்கடிச்சு?"

"அதுவும் ஆராய்ச்சியில இருக்கு. நீ சும்மா நின்னா போதும்."

மைல்கல் மெல்லச் சிரித்தது. "இந்த நீலச்சட்டைக்காரன்கிட்டப் பாத்து இரு. ஊமைக்குப் பதிலாப் பேச வர்றவன் தனக்காகத்தான் பேசுவான்."

முதல் இரண்டு நாள் கல்லும் அப்படித்தான் நினைத்தது. மூன்றாம் நாள் ஒரு வேன் நின்றது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இறங்கி வரிசையாக நின்றார்கள். வாத்தியார் பலகையைப் படித்துச் சொன்னார். பிள்ளைகள் கல்லைப் பார்த்தார்கள். அத்தனை கண்கள் ஒன்றாகத் தன்னைப் பார்த்தது கல்லுக்கு அதுதான் முதல் தடவை. அப்புறம் பைக்கில் போகிறவர்கள் நிறுத்தி போட்டோ எடுத்தார்கள். யாரோ ஒருவர் வேலிக்கு மேலாகக் கையை நீட்டி ஒரு மாலையைப் போட்டார்.

"உன் அடியில மூணு வரி எழுத்து இருந்துச்சே" என்று மைல்கல் கேட்டது. "ரோட்டை மூணு தரம் உசத்தினதுல மண்ணு ஏறி மூடிப்போச்சு. அதைப் பத்தி இவன்கிட்டச் சொன்னியா?"

"எந்த எழுத்து?" என்றது கல்.



ஒரு வாரம் வேறு பக்கம் மேய்ந்துவிட்டு அந்த நேரத்தில் செவலை வந்தது. செவலை ஒரு பசுமாடு. வடக்குப்பட்டிக்கு வாக்கப்பட்டு வந்த மாடத்தி என்ற பெண்ணுடைய மாடு. மாடத்திக்குப் பிறந்த ஊர் மூன்று பஸ் மாறிப் போகிற தூரம். தினமும் காலையிலும் சாயங்காலமும் ரோட்டோரம் மாட்டை மேய விட்டுவிட்டு, வரப்பில் புல் அறுப்பாள். வாய் திறந்து பேசுவது குறைவு.

செவலை வந்த வேகத்தில் முள்கம்பியில் போய் மூக்கை இடித்துக்கொண்டது.

"என்ன இது" என்றது.

"வேலி" என்றது கல்.

"வேலின்னு தெரியுது. எதுக்குன்னு கேட்டேன். கழுத்து அரிக்குது, கொஞ்சம் வழியை விடு."

"இனிமே இங்க வராதே. நான் வெற்றித் தூண்."

"போன வாரம் வரைக்கும் என் கழுத்துக்கு ஆகியிருந்தே."

"போன வாரம் வேற. ஆளுக வந்து பாக்குற இடம் இது. சாணி போட்டுறாதே, தள்ளிப் போய் மேய்."

செவலை கொஞ்ச நேரம் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு போய்விட்டது. புளியமரத்தில் உரசிப் பார்த்தது, பட்டை குத்தியது. பாலத்துச் சுவரில் உரசியது, சுவர் ஓரம் கிழித்துக் கழுத்துத் தோல் உரிந்தது. புண்ணில் ஈ மொய்த்தது. மாடத்தி வேப்பெண்ணெய் தடவிவிட்டாள்.

இதற்குள் இரண்டு ஊரிலும் பேச்சு கிளம்பிவிட்டது. அந்த மன்னன் யார்?

வடக்குப்பட்டிப் பெரியவர் வேலாண்டி ஆட்களோடு வந்து பலகையைப் படித்தார். தெற்குப்பட்டிப் பெரியவர் சப்பாணிமுத்தும் வந்து படித்தார். இரண்டு ஊருக்கும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவு உண்டு. அதனால் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"மச்சான், இந்த மன்னன் எங்க ஆளு" என்றார் வேலாண்டி. "கல்லு எங்க ஊரைப் பாத்துத்தானே நிக்குது."

"உங்க ஊருக்கு அது முதுகையில்ல காட்டுது மச்சான்" என்றார் சப்பாணிமுத்து.

கல்லுக்கு முன்பக்கமும் கிடையாது, பின்பக்கமும் கிடையாது. ஆனால் இரண்டு பேச்சையும் அது வாயை மூடிக்கொண்டு கேட்டது.

அன்றிலிருந்து யாரும் யாரையும் நம்பவில்லை. அந்தக் காலி இடத்தில் தெற்கு ஆட்கள் தங்கள் மன்னன் பெயரை எழுதிவிடுவார்கள் என்று வடக்கில் சந்தேகம். வடக்கு ஆட்கள் எழுதிவிடுவார்கள் என்று தெற்கில் சந்தேகம். இரண்டு பக்கமும் முறை வைத்துக் காவலுக்கு ஆள் போட்டார்கள். கடையில் வெள்ளைப் பெயிண்ட் வாங்கினவன் யார் என்று விசாரித்தார்கள். ஒருத்தன், மாட்டுக்கொம்புக்கு அடிக்க வாங்கினேன் என்றான். பொங்கல் முடிஞ்சு ஆறு மாசம் ஆச்சே, இப்ப என்ன கொம்புக்குப் பெயிண்ட் என்று அவனை மடக்கிப் பிடித்துக் காலையிலிருந்து சாயங்காலம் வரை சாவடியில் உட்கார வைத்தார்கள்.

தெற்குப்பட்டியில் பிறந்து வடக்குப்பட்டியில் வாழ்கிற பெண்கள் அம்மா வீட்டுக்குப் போக முடியவில்லை. எதுக்குப் போறே, அங்க போய் எதைச் சொல்லப் போறே என்று வாசலிலேயே கேட்டார்கள். அந்தப் பக்கத்திலும் அதே கேள்விதான். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீடு போன ஒருத்தியின் பையைக்கூடப் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே பழைய சேலைத் துணியும் ஒரு டப்பா நெய்யும் இருந்தன. நெய்யையும் திறந்து மோந்து பார்த்தார்கள்.

மாடத்தியையும் விடவில்லை. காவலுக்கு இருந்த தெற்குப்பட்டி ஆள் ஒருவர் அவளைக் கூப்பிட்டார்.

"ஏ புள்ள, கையில அருவாளை வச்சுக்கிட்டு தினம் இந்த வேலிகிட்டயே நிக்கிறியே. உன்னை யாரு அனுப்புறது?"

"மாடு நிக்குது சித்தப்பா. நானும் நிக்கேன்."

"மாட்டை யாரு அனுப்புறது?"

 மாடத்தி மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். வீட்டுக்குப் போனால் அங்கே, தெற்குப்பட்டிக்காரனோட உனக்கு என்ன பேச்சு என்று கேட்டார்கள்.

இப்படி இருக்கும்போது ஒரு சேதி வந்தது. மன்னன் பெயர் முடிவாகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை பெயிண்டர் வந்து எழுதுவார்.

எந்தப் பெயர் என்று யாருக்கும் தெரியாது. தெரியாததனாலேயே இரண்டு ஊருக்கும் அது அடுத்த ஊரின் பெயராகத்தான் தெரிந்தது.

புதன்கிழமை மத்தியானம் பாலத்துச் சுவரில் நாலைந்து பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வடக்கா தெற்கா என்று கல்லுக்குத் தெரியவில்லை. இரண்டு பேச்சும் ஒன்று போலத்தான் இருந்தது.

"அவனுக மன்னன் பேரை எழுதட்டும், பாப்போம். எழுதுற கையை அங்கேயே எடுத்துரலாம்."

"பெயிண்டர் பாவம்வே, வெளியூர்க்காரன்."

"வெளியூர்க்காரன்னா வெளியூர்லயே எழுதட்டும். தடுக்க வர்றவனுக்கும் அதே வெட்டுத்தான்."

 கல் பலகையிடம் கேட்டது, "வெள்ளிக்கிழமை என்ன பேரு எழுதப் போறாங்க?"

"எந்தப் பேரா இருந்தா என்ன. என் நடுவுல இப்படி ஒரு ஓட்டை இருக்கிறது எனக்கு எவ்வளவு கேவலமா இருக்கு தெரியுமா? அது நிறைஞ்சா போதும்."

"நிறைஞ்சா ஆள் செத்துருவாங்க."

"செத்தா அவங்களுக்கும் ஒரு கல்லு நடுவாங்க. அதுக்கு முன்னாடி ஒரு பலகை வரும்" என்றது பலகை. கோபமாகச் சொல்லவில்லை. ஒரு தகவலைச் சொல்வது போலத்தான் சொன்னது.

 மறுநாள் மழை பெய்தது. மழை விட்டதும் கல் மைல்கல்லிடம் சொன்னது, "அந்த எழுத்து இருக்கு."

"இருக்குன்னு எனக்குத் தெரியும். நீ சொல்லுவியான்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"அதை அவங்க படிச்சா மன்னனே கிடையாதுன்னு ஆயிடும். சண்டைக்கு வேலை இல்லை."

"உனக்கும் மாலை கிடையாது. போட்டோ கிடையாது. யோசிச்சுக்கோ."

"யோசிச்சிட்டேன். மண்ணை விலக்கணுமே. யாரு விலக்குவா?"

"கொம்பு இருக்கிறவளைக் கேளு" என்றது மைல்கல்.

சாயங்காலம் மாடத்தி மாட்டை ஓட்டி வந்தாள். செவலை வேலிக்கு ஐந்தடி தள்ளியே மேய்ந்தது. கல் கூப்பிட்டது. முதல் தடவை அது திரும்பவில்லை. இரண்டாம் தடவை காதை மட்டும் திருப்பியது.

"வெற்றித் தூணுக்கு என்ன வேணும்?"

"இந்த வேலியைத் தள்ளிட்டு உள்ள வா. என்னை ஒரு பக்கமா இடி. கம்பம் நட நாலு பக்கமும் தோண்டினதுல எனக்கு அடிமண் இளகிக் கிடக்கு. மழையும் பெஞ்சிருக்கு. நீ இடிச்சா நான் சாய்வேன். என் அடியில எழுத்து இருக்கு, அது வெளிய தெரியணும்."

"என்ன எழுத்து?"

கல் தயங்கித் தயங்கிச் சொன்னது. "சுடலைன்னு ஒருத்தன் இருந்தான். அவன் பெண்சாதி முப்பிடாதி. பிள்ளையை வயித்துல வச்சுக்கிட்டே செத்துப்போனா. அப்படிப் போனவ பேருல, பாரம் சுமக்குறதுக்கும் வாயில்லாததுக்கும் ஏதாவது செஞ்சாத்தான் அவ வயித்துப் பாரம் இறங்கும்னு அப்ப ஒரு வழக்கம். சுடலை மாடு உரசட்டும்னு என்னைக் கொண்டாந்து நட்டான். அவ வளர்த்த மாடுதான் முதல்ல வந்து உரசுச்சு. அவன் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தான்."

செவலை அசை போட்டுக்கொண்டே கேட்டது. "இந்தக் கதை எல்லாம் வேலி வந்தப்போ எங்க போயிருந்துச்சு?"

"வெக்கமா இருந்துச்சு. மன்னன்னு சொன்னா வண்டியை நிறுத்திப் பாக்குறாங்க. பொம்பளை ஒருத்தி செத்ததுக்கு நட்ட கல்லுன்னா யாரு நிப்பா."

"இப்ப மட்டும் எதுக்குச் சொல்றே? வேற ஏதும் இருக்கா இதுல?"

"ஆள் சாகப் போறாங்க. அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்னு நீ சொல்றே. அன்னைக்கு, சாணி போட்டுறாதேன்னும் நீதான் சொன்னே." செவலை தலையை ஆட்டி ஈயை ஓட்டியது. "வேலியைத் தள்ளினா அடி எனக்கு. ஏச்சு மாடத்திக்கு. உனக்கு என்ன, நீ சாஞ்சுக்கிட்டு நிப்பே."

 மாடத்தி கயிற்றைப் பிடித்தாள். போகிறபோது செவலை திரும்பிச் சொன்னது, "நாளைக்கு எனக்கு அரிச்சா வாரேன். உனக்காக வர மாட்டேன்."

வெள்ளிக்கிழமை விடிந்து வெயில் ஏறுவதற்குள் ரோட்டின் இரண்டு பக்கமும் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். எல்லோரும் வேட்டியை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். சில பேர் துண்டுக்குள் எதையோ மறைத்து வைத்திருந்தார்கள். பெயிண்டர் சவரிமுத்து மொபெட்டில் வந்து இறங்கினார். இரண்டு பக்கத்தையும் பார்த்தார். ஏணியைச் சாத்தினார்.

"பேரு என்னய்யா?" என்று வேலாண்டி கேட்டார்.

"கவர்ல இருக்குங்க. ஏணியில ஏறினப்புறம்தான் பிரிக்கணும்னு ஆபீசர் சொல்லியிருக்கார்."

"எங்ககிட்டக் காட்டிட்டு ஏறு" என்றார் சப்பாணிமுத்து.

"அவருகிட்டக் காட்டினா எங்களுக்கும் காட்டணும்" என்றார் வேலாண்டி.

"யாருக்கும் காட்ட எனக்கு உத்தரவில்லைங்க" என்றார் சவரிமுத்து. அவர் ஏணியில் முதல் படியில் காலை வைத்தார். இரண்டு பக்கமும் ஓர் அடி முன்னால் வந்தது.

அப்போதுதான் செவலைக்கு அரித்தது.

திரும்பத் திரும்ப உரிந்த கழுத்துப் புண் காய்ந்து பொருக்கு விழுகிற நேரம். அதில் வருகிற அரிப்பு மற்ற அரிப்பு மாதிரி இல்லை. செவலை மாடத்தியின் கையிலிருந்து கயிற்றைப் பறித்துக்கொண்டு ஓடி வந்தது. ஆட்கள் விலகினார்கள். கொம்பால் முள்கம்பியைத் தூக்கியது, மார்பால் கம்பத்தைத் தள்ளியது, உள்ளே புகுந்து கல்லில் கழுத்தை வைத்து உரசியது. நான்கு மாத அரிப்பை ஒரே மூச்சில் உரசியது.

கல் தன்னால் ஆனதைச் செய்தது. அத்தனை காலமும் விறைத்து நின்றது, அன்றைக்கு விறைக்காமல் இடம் கொடுத்தது. மண் பிளந்தது. கல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

"யாருடா மாட்டை விட்டது?" என்று ஒருத்தர் கம்பால் செவலையின் முதுகில் நாலு சாத்து சாத்தினார். "உங்க ஊர் மாடுதானே. திட்டம் போட்டுத்தானே விட்டீங்க" என்றார்கள் தெற்குப்பட்டி ஆட்கள். மாடத்தி ஓடி வந்து மாட்டின் மேல் விழுந்து மறைத்துக்கொண்டாள். இன்னொரு சாத்து அவள் தோளில் பட்டது.

சவரிமுத்து ஏணியிலிருந்து இறங்கினார். அவர் கண் வேறு எங்கோ இருந்தது. "இருங்க, இருங்க. கீழ எழுத்து இருக்கு."

எல்லோரும் நின்றார்கள்.

அவர் பெயிண்ட் துடைக்கிற துணியால் சேற்றைத் துடைத்தார். எழுத்தே தொழிலாக இருக்கிறவர். குனிந்து விரலை ஓட்டி ஓட்டிப் படித்தார். "சுடலை பெண்சாதி முப்பிடாதி... பிள்ளை வயிற்றோடு... இறந்துபோனதற்கு... மாடு உரச நட்ட கல்."



"இதை யாரோ ராத்திரியோட ராத்திரியா வெட்டியிருக்கான்" என்றார் சப்பாணிமுத்து. "மன்னன் பேரு எங்களுக்கு வந்துரும்னு பயந்து வடக்குக்காரன் செஞ்ச வேலை."

"நாங்களா? இப்படி ஒரு ஈன வேலை உங்களுக்குத்தான் வரும் மச்சான்."

"புது எழுத்து இல்லைங்க" என்றார் சவரிமுத்து. "புதுசா வெட்டினா விளிம்பு விரலைக் கீறும். இது உருண்டு போயிருக்கு. நீங்களே தடவிப் பாருங்க."

வேலாண்டி தடவிப் பார்த்தார். சப்பாணிமுத்தும் தடவிப் பார்த்தார். அவர் தடவினது சரியா என்று இவர் மறுபடி தடவினார். அது பழைய எழுத்துதான்.

துண்டுக்குள் இருந்த கைகள் வெளியே வந்தன. "அப்ப மன்னன் இல்லையா?" என்று யாரோ கேட்டார்கள். "நமக்கு இல்லேன்னா என்ன, அவனுகளுக்கும் இல்லையே" என்று இன்னொருவர் மெதுவாகச் சொன்னார். அந்தப் பேச்சு இரண்டு பக்கமும் பரவி எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி வந்தது.

கல் காத்துக்கொண்டிருந்தது. இவர்களுக்கு இன்னும் ஏதோ ஒன்று பாக்கி இருப்பதாக அதற்குப் பட்டது.

"சரி, இந்த முப்பிடாதி எந்த ஊரு?" என்று சவரிமுத்து கேட்டார். "கல்லு சாஞ்சு கிடக்கே, நிமித்தி வைக்கணுமே. அவ ஊர்க்காரங்க நாலு பேரு கை கொடுங்க."

வேலாண்டி சப்பாணிமுத்தைப் பார்த்தார். "உங்க ஊர்க்காரியாத்தான் இருப்பா மச்சான். எங்க பக்கம் முப்பிடாதின்னு பேரு வைக்கிறதில்லை."

"எங்க ஊர்ல பொறந்தவளாவே இருக்கட்டும். கட்டிக்குடுத்தப்புறம் அவ உங்க பொறுப்புத்தானே. உங்க ஊர்ல வாழ வந்து செத்திருக்கா."

"வாழ வந்தவதானே. ரத்தம் உங்க ரத்தம். நீங்கதான் செய்யணும்."

"சுடலை எந்த ஊருன்னு போடலையே."

"அதான் சொல்றேன், உங்க ஊராத்தான் இருக்கும்."

பேசிக்கொண்டே ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். சப்பாணிமுத்து போகாமல் தான் மட்டும் போனால் கல்லைத் தன் தலையில் கட்டிவிடுவார் என்று வேலாண்டிக்குச் சந்தேகம். சப்பாணிமுத்துக்கும் அதே சந்தேகம். அதனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி நடந்தார்கள்.

"பாத்தியா" என்றது மைல்கல். "இல்லாத மன்னனுக்கு ரெண்டு ஊர் இருந்துச்சு. இருந்தவளுக்கு ஒரு ஊர் இல்லை."



ரோட்டோரத்தில் சவரிமுத்துவும் மாடத்தியும் செவலையும் மட்டும் இருந்தார்கள். சவரிமுத்து பையிலிருந்து கவரை எடுத்துப் பிரித்தார். படித்தார். மறுபடியும் படித்தார். ஏணிப்படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார்.

"என்னண்ணே?" என்றாள் மாடத்தி.

"பேரு கிடைக்கலையாம். காலி இடத்துல 'ஒரு'ன்னு எழுதச் சொல்லியிருக்காரு. ஒரு மன்னனின் வெற்றித் தூண். இதுக்குத்தான் என் கை போக இருந்துச்சு."

பலகை வெயிலில் நின்றது. அதற்குச் சிரிப்பு வரவில்லை.

மாடத்தி மாட்டைத் தடவிக்கொண்டே கல்லின் அடியில் போய் உட்கார்ந்தாள். "இதுல அவ பேரு எதுண்ணே?"

சவரிமுத்து காட்டினார். அவள் அந்த எழுத்துகளின் மேல் விரலை வைத்தாள். "வயசு போட்டிருக்கா?"

"இல்லைம்மா."

"பிள்ளை ஆணா பொண்ணான்னு?"

"வயித்துல இருந்ததுக்கு எப்படிம்மா போடுவாங்க."

அவள் தலையை ஆட்டினாள். கல் அவளைக் கவனித்துக்கொண்டிருந்தது. இத்தனை நாளில் வந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒன்றுக்காகத்தான் வந்தார்கள். இவளுக்கு என்ன வேண்டும் என்று அதற்குப் பிடிபடவில்லை.

சவரிமுத்து எழுந்தார். "வெள்ளைப் பெயிண்ட் இருக்கு. பலகையில இடமும் இருக்கு. மன்னனை அழிச்சிட்டு இந்தப் பொம்பளை பேரைப் பெரிசா எழுதிடட்டா? ஆபீசர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

பலகை நிமிர்ந்தது. கல்லும் காதைத் தீட்டிக்கொண்டது. அவ்வளவு காலம் மண்ணுக்குள் இருந்த பெயர் அது.

"வேண்டாம்ணே" என்றாள் மாடத்தி.

"ஏம்மா?"

 அவள் குனிந்தபடியே சொன்னாள்.  "பேரை மேல ஏத்தினா வேலியையும் நிமித்திருவாங்க. அப்புறம் அவ எந்த ஊர்னு மறுபடி ஆரம்பிப்பாங்க. நீங்க ஆபீசர்கிட்ட, அது வெறும் மாட்டுக் கல்லுன்னு மட்டும் சொல்லுங்க. கம்பியைக் கழட்டிட்டுப் போயிருவாங்க. அவ பேரைச் சொல்லாதீங்க."

சவரிமுத்து அவளையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். பெயிண்ட் டப்பாவை மூடினார்.

இரண்டு பேரும் சேர்ந்து கல்லுக்குத் தோள் கொடுத்து நிமிர்த்தினார்கள். மாடத்திக்கு அடிபட்ட தோள் வலித்தது, மறு தோளை மாற்றிக் கொடுத்தாள். கல் நேராக நின்றதும் அவள் ஈர மண்ணைக் கையால் அள்ளி அள்ளி அடியில் போட்டாள். முப்பிடாதியின் பெயர் மேல் போடுகிறபோது மட்டும் வீசாமல், பிள்ளைக்குப் போர்த்துவது போலப் போட்டு, உள்ளங்கையால் அமுக்கினாள்.

எழுத்து மறைந்தது. இவள் எதற்காக இதைச் செய்கிறாள் என்று கல்லுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.